கேள்வி – பதில்: மருத்துவத் தம்பதியரும் ராணுவக் கடமைக்காலமும்

அமெரிக்கப் படைகளின் உதவித்தொகையில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், மாப்பிள்ளையோ பெண்ணோ முடிவாகும்போது அந்த உதவித்தொகைக்கு ஈடாகப் படையில் பணியாற்ற வேண்டிய கடமைக்காலத்தின் கணக்கையும் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தரைப்படை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். ஆகவே இந்தப் பதில்களில் விதி பாதி, நாங்கள் பட்டது பாதி. உங்கள் பிள்ளை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உள்ள சொற்களே இறுதியானவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எங்கள் மகள் எச்.பி.எஸ்.பி. என்னும் தரைப்படை மருத்துவக் கல்வி உதவித்தொகையில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். உடன் படிக்கும் தமிழ்ப் பையனை மணக்க இருக்கிறாள். அவருக்கு ராணுவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ‘தம்பதியர் மேட்ச்’ வழியாக இருவரும் ஒரே ஊரில் ரெசிடென்சி (படிப்புக்குப் பிந்தைய துறைப் பயிற்சி) வாங்கிவிடலாம் என்கிறார்கள். நடக்குமா?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அவர்கள் நினைத்திருக்கும் வடிவில் நடக்காது. வேறொரு வடிவில் நடப்பதற்கு வாய்ப்பு உண்டு.

தம்பதியர் மேட்ச் என்பது, ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் என்.ஆர்.எம்.பி. என்னும் தேசிய அமைப்பு நடத்துவது. இருவரும் தங்கள் விருப்பப் பட்டியல்களை இணைத்து, ‘இவருக்கு இந்த மருத்துவமனை, அவருக்கு அந்த மருத்துவமனை’ என்று இணை இணையாக வரிசைப்படுத்துவார்கள். கணினி அந்த இணைகளுள் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கக்கூடிய முதல் இணையை ஒதுக்கும். இப்படி இணைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. (தம்பதியரின் விருப்பங்களைச் சேர்த்துக் கணக்கிடுவது மிகக் கடினமான வேலை. 1990களில் அந்தக் கணக்கு முறையைச் சீர்செய்த பொருளியலாளர் ஆல்வின் ராத் 2012இல் நோபல் பரிசு பெற்றார்.)

ஆனால் உங்கள் மகளின் இடத்தை முதலில் முடிவு செய்வது அந்தக் கணினி அன்று. முப்படைகளின் கூட்டுத் தேர்வுக் குழு ஆண்டுதோறும் நவம்பர் இறுதியை ஒட்டிக் கூடி, டிசம்பர் நடுவில் முடிவை வெளியிடும். என்.ஆர்.எம்.பி. முடிவோ மார்ச் மூன்றாம் வாரத்தில்தான் வரும். ராணுவ மருத்துவமனையில் இடம் கிடைத்தவர் என்.ஆர்.எம்.பி.யிலிருந்து விலகியாக வேண்டும். அந்தக் குழுவுக்கும் இந்தக் கணினிக்கும் இடையே எந்த இணைப்பும் கிடையாது. ஒருவர் அங்கும் மற்றவர் இங்கும் இருக்கும்போது தம்பதியராகப் பதிவு செய்ய முடியாது.

ஆயினும் இந்த மூன்று மாத இடைவெளி ஒரு வசதியும்கூட. மருமகனாக வரப்போகிறவர் செப்டம்பரில் விண்ணப்பிக்கும்போதே, உங்கள் மகள் பட்டியலிட்டிருக்கும் ஒவ்வொரு ராணுவ மருத்துவமனையின் ஊரிலும், அவற்றுக்குப் பக்கத்து ஊர்களிலும் உள்ள சிவிலியன் ரெசிடென்சிகள் அனைத்துக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். டிசம்பரில் மகளுக்கு, எடுத்துக்காட்டாக, சான் அன்டோனியோ என்று முடிவு வந்தால், மருமகன் அன்றைக்கே அந்த ஊர் ரெசிடென்சிகளின் இயக்குநர்களுக்கு நிலைமையை விளக்கி மின்னஞ்சல் எழுதலாம். ஜனவரி வரை நேர்காணல்கள் நடக்கும். அவருடைய இறுதிப் பட்டியலைப் பூட்ட பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. ‘என் வருங்கால மனைவிக்கு ராணுவம் இந்த ஊரை உறுதி செய்துவிட்டது’ என்ற ஒரு வரிக்கு, ‘உங்கள் நிறுவனத்தை மிகவும் மதிக்கிறேன்’ என்று எல்லோரும் எழுதும் வரியைவிட எடை அதிகம். ஏனென்றால் அவர் அந்த ஊருக்கு வந்தே தீருவார் என்பது இயக்குநருக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொரு கிளையும் உண்டு. அந்தக் குழு சில ஆண்டுகளில் சில துறைகளுக்கு, ‘நீ சிவிலியன் மருத்துவமனையில் பயிற்சியை முடித்துவிட்டு வா’ என்று தள்ளிவைப்பு அனுமதி தரும். அது கிடைத்தால் இருவரும் மார்ச் மேட்ச்சில் தம்பதியராகவே இறங்கலாம். அதற்கு மகள் முன்கூட்டியே சிவிலியன் விண்ணப்பத்தையும் என்.ஆர்.எம்.பி. பதிவையும் முடித்திருக்க வேண்டும். ராணுவ இடம் நிச்சயம் என்ற நம்பிக்கையில் இந்த விண்ணப்பத்தை அரைகுறையாக விட்டுவிட்டு டிசம்பரில் பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மனைவிக்குக் கடற்படையின் நான்கு ஆண்டு உதவித்தொகை. 2027இல் படிப்பு முடிகிறது. அறுவை மருத்துவம் அவருடைய விருப்பம். நான் சிவிலியன் மருத்துவன். ‘நான்கு ஆண்டு வேலை பார்த்தால் முடிந்தது’ என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். 2031இல் விடுதலை என்று கொண்டு நாங்கள் வீடு வாங்கலாமா?
– வாசகர், மேரிலாந்து

பதில்: வீட்டை வாங்காதீர்கள். 2031 என்ற ஆண்டு எந்தக் கணக்கிலும் வராது.

உதவித்தொகை பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டு முழுநேரப் பணி என்பது சரி. ஆனால் பயிற்சியில் கழியும் காலம் அந்தக் கடனை அடைக்காது. உங்கள் மனைவி கடற்படை மருத்துவமனையிலேயே ஐந்து ஆண்டு அறுவை மருத்துவ ரெசிடென்சி செய்தால் 2032இல் பயிற்சி முடியும், கடமைக்காலம் அப்போதுதான் ஓடத் தொடங்கும், 2036இல் தீரும். பயிற்சிக்கும் தனியாக ஒரு கடமைக்காலம் உண்டு, முதலாண்டான இன்டர்ன்ஷிப்பை மட்டும் கழித்துவிட்டு. அதுவும் படிப்புக்கான கடனும் ஒரே சமயத்தில் கழிவதால் இரண்டில் நீண்டது எதுவோ அதுவே உங்கள் கணக்கு. இவருக்கு இரண்டும் நான்குதான். ஏழு ஆண்டு நரம்பு அறுவை மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் நீண்டது ஆறாக இருந்திருக்கும்.

தள்ளிவைப்பு கிடைத்து சிவிலியன் மருத்துவமனையில் பயிற்சி பெற்றாலும் முடிவு 2036தான். ஆனால் அந்த முதல் ஐந்து ஆண்டுகள் நீங்கள் இருக்கும் ஊரிலேயே கழியக்கூடும் என்பது தம்பதியருக்குப் பெரிய வேறுபாடு.

மூன்றாவது வழி கடற்படைக்கே உரியது என்று சொல்லும் அளவுக்கு அங்கே வழக்கத்தில் உள்ளது. இன்டர்ன்ஷிப் முடிந்ததும், 2028இல், கப்பலிலோ மரீன் படைப்பிரிவிலோ விமானப் பிரிவிலோ பொது மருத்துவ அலுவலராகச் செல்வது. இந்தக் காலம் கடனை அடைக்கும். நான்கு ஆண்டும் அப்படியே பணியாற்றினால் 2032இல் விடுபட்டு, அதன்பின் சிவிலியனாக ரெசிடென்சி தொடங்கலாம். ஆனால் இரண்டே ஆண்டு பணியாற்றிவிட்டு 2030இல் கடற்படை ரெசிடென்சிக்குத் திரும்பினால், மீதமுள்ள நான்கு ஆண்டுப் பயிற்சி புதிதாக நான்கு ஆண்டுக் கடமையைக் கொண்டுவரும். பயிற்சி 2034இல் முடிந்து, கடமை 2038 வரை நீளும். பாதி கடன் அடைந்துவிட்டது என்று மகிழ்ந்தவர்கள் பின்னால் கண்டுபிடிக்கும் கணக்கு இது.

இவற்றுக்கெல்லாம் மேலே எட்டு ஆண்டு என்ற மொத்தப் பொறுப்பும் ஒப்பந்தத்தில் இருக்கும். முழுநேரப் பணி அதைவிடக் குறைவாக இருந்தால், மீதிக் காலம் பெயரளவில் இருப்புப் படைப் பட்டியலில் கழியும். அன்றாட வாழ்க்கையை அது தொடுவதில்லை என்றாலும் இல்லாதது போல நடந்துகொள்ளக் கூடாது.

ஒரு தாளை எடுத்து 2027 முதல் 2038 வரை ஆண்டுகளை எழுதி, மேலே உள்ள வழிகளையும் உங்கள் பயிற்சி ஆண்டுகளையும் தனித்தனி நிறத்தில் கோடிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அப்படி ஒரு தாள் பதினொரு ஆண்டு ஒட்டியிருந்தது. எனக்கு நீலம், என் மனைவிக்குச் சிவப்பு. இரண்டு கோடுகளும் ஒரே ஆண்டில் முடியாது என்பது அந்தத் தாளில் எழுதியபோதுதான் எங்கள் கண்ணிலேயே பட்டது.

கேள்வி: நானும் கணவரும் இருவருமே ராணுவ மருத்துவர்கள், நான் தரைப்படை, அவர் விமானப்படை. தம்பதியரை ஒரே இடத்தில் பணியமர்த்தும் திட்டம் இருக்கிறது என்பதால் கவலையே இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தத் திட்டத்தை எவ்வளவு நம்பலாம்?
– வாசகி, டெக்சாஸ்

பதில்: திட்டம் உண்மையானது. தரைப்படையில் ‘மேரீட் ஆர்மி கப்பிள்ஸ் புரோகிராம்’ என்றும், விமானப்படையில் ‘ஜாயின் ஸ்பௌஸ்’ என்றும், கடற்படையில் ‘ஸ்பௌஸ் கோலொகேஷன்’ என்றும் பெயர். மூன்றும் தருவது ஒரே வாக்குறுதி: பணியிடம் முடிவாகும்போது உங்கள் துணை இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் ஒரே விதிவிலக்கு: படையின் தேவை முதலில். சட்டப்படி மணமானவர்களுக்கே இது பொருந்தும். நிச்சயதார்த்தத்துக்கு இங்கே மதிப்பில்லை.

இருவரும் ஒரே படையில் இருந்தால் ஒரே பணியாளர் அலுவலகம் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். உங்களைப் போல இரு படைகள் என்றால் இரண்டு அலுவலகங்கள் ஒத்துப்போக வேண்டும். என் திருமணச் சான்றிதழ் என்னுடைய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. என் மனைவியின் பதிவில் அவர் பல மாதங்கள் மணமாகாதவராகவே இருந்தார். அவரைப் பார்த்துப் பணியிடம் முடிவு செய்தவருக்கு நான் என்று ஒருவன் இருப்பதே தெரியாது. அதன் விலை பதினான்கு மாதப் பிரிவு. யாரையும் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை, எங்களைத் தவிர. ஆகவே இருவரும் அவரவர் பதிவை அச்சிட்டு, துணையின் பெயர், படை, பதவி ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இதை ஆண்டுக்கு ஒரு முறை செய்யுங்கள்.

ஆனால் படிவத்தைவிட முக்கியமானது மருத்துவத் துறைத் தேர்வு. இதை இளையவர்கள் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. குடும்ப மருத்துவர் ஏறக்குறைய எல்லாப் படைத்தளத்துக்கும் தேவைப்படுகிறார். குழந்தை இதய மருத்துவரோ நரம்பு அறுவை மருத்துவரோ ஒருசில பெரிய மருத்துவமனைகளுக்குத்தான் தேவைப்படுகிறார். இருவரும் அரிய துறைகளைத் தேர்ந்தெடுத்தால், இரண்டு இடமும் உள்ள மருத்துவமனைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அங்கே அந்த ஆண்டு அந்த இரண்டு இடங்களும் காலியாகவும் இருக்க வேண்டும். ஒருவர் பரவலாகத் தேவைப்படும் துறையில் இருந்தால் அவர் மற்றவரைத் தொடர்ந்து போக முடியும். எவ்வளவு நல்லெண்ணம் உள்ள அலுவலராலும், இல்லாத ஒரு பணியிடத்தை உண்டாக்கித் தர முடியாது.

உங்கள் இருவருக்கும் ஊர் என்ற வகையில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சான் அன்டோனியோவில் தரைப்படையும் விமானப்படையும் மருத்துவப் பயிற்சியைக் கூட்டாக நடத்துகின்றன. வால்டர் ரீட் மருத்துவமனை உள்ள பெதஸ்டாவில் தரைப்படையும் கடற்படையும் 2011 முதல் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரு படைத் தம்பதியர் முதலில் கேட்க வேண்டிய இடங்கள் இவை. ஹோனலூலுவிலோ டகோமாவிலோ தரைப்படைப் பெரிய மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக விமானப்படைக்காரருக்கு அங்கே உரிய இடம் இருந்துவிடாது.

கடைசியாக, யாரிடம் பேசுவது. தரைப்படையில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு ‘கன்சல்டன்ட்’ இருக்கிறார். பணியிடங்களைப் பரிந்துரைப்பவர் அவர். உங்கள் மாற்றல் முடிவாகும் பருவத்துக்கு ஓராண்டு முன்பே, விருப்பமான மூன்று ஊர்களை வரிசைப்படுத்தி அவருக்கு எழுதுங்கள். கணவரும் தம் படையின் பணியமர்த்தும் அலுவலருக்கு அதே வாரத்தில், அதே மூன்று ஊர்களின் பெயரை, அதே வரிசையில் எழுதட்டும். இரண்டு கடிதங்களிலும் வரிசை மாறியிருந்தால் இரண்டு அலுவலகங்களும் இரண்டு வெவ்வேறு ஊர்களை நோக்கி நகரும்.

கேள்வி: என் தம்பி இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் இங்கே ரெசிடென்சி செய்கிறார். அவர் மணந்திருக்கும் பெண் அமெரிக்கக் குடிமகள், விமானப்படை மருத்துவர். மனைவி குடிமகள் என்பதால், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டு இந்தியாவுக்குத் திரும்பி இருக்க வேண்டும் என்ற அந்த விசாவின் நிபந்தனை நீங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரியா?
– வாசகி, இல்லினாய்

பதில்: சரியன்று. நம்மவர்களிடையே மிகப் பரவலான தவறான நம்பிக்கை இது. குடிமகளை மணப்பதால் அந்த நிபந்தனை நீங்குவதில்லை. அதற்குத் தனியாக விலக்குப் பெற வேண்டும், அல்லது இரண்டு ஆண்டு தாயகத்தில் இருந்துவிட்டு வர வேண்டும். அது தீரும்வரை பச்சை அட்டையும் கிடைக்காது. (எச்-1பி என்னும் வேலை விசாவில் ரெசிடென்சி செய்தவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.)

மருத்துவர்கள் பெரும்பாலும் நாடுவது கான்ராட் 30 என்னும் வழி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டு முழுநேரமாக, வாரம் 40 மணி, பணியாற்ற ஒப்புக்கொண்டால் மாநிலத்தின் பரிந்துரையில் விலக்குக் கிடைக்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம். விலக்குக் கிடைத்து 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டும் முடிந்த பிறகே பச்சை அட்டைக்கான இறுதிப் படி.

இப்போது சிக்கலைப் பாருங்கள். தம்பியை ஒரு மாநிலத்தின் ஒரு சிற்றூர் மூன்று ஆண்டு கட்டிவைக்கிறது. மனைவியை விமானப்படை எந்தக் கோடையிலும் வேறு மாநிலத்துக்கோ ஜெர்மனிக்கோ மாற்றலாம். இருவருமே நகர முடியாதவர்கள் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் நகரக் கூடாதவர், மற்றவர் நகர்ந்தே ஆக வேண்டியவர். தம்பி பாதியில் வேலையை விட்டால் இரண்டு ஆண்டு நிபந்தனை மீண்டும் தலைமேல் ஏறும். மனைவியோடு வெளிநாடு போனாலும் அந்த மூன்று ஆண்டு ஓடாது. ஜெர்மனியில் கழிக்கும் காலம் இந்தியாவில் கழித்ததாகவும் ஆகாது.

எனவே தம்பியின் மூன்று ஆண்டையும் மனைவியின் பணியிடக் காலத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். மனைவிக்குப் புதிய பணியிட உத்தரவு கையில் வந்த பிறகு, அதே மாநிலத்தில், அந்தத் தளத்திலிருந்து போய்வரக்கூடிய தொலைவில் தம்பி கான்ராட் வேலை தேடட்டும். படைப் பணியிடங்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுக்கானவை என்பதால் இரண்டும் ஒரே கோடையில் தொடங்கினால் ஏறத்தாழ ஒன்றாக முடியும். தம்பியின் பயிற்சி முடியும் ஆண்டில் மனைவிக்கு மாற்றல் வராது என்றால், அவர் இப்போது இருக்கும் இடத்துக்கு அருகே வேலையைப் பிடித்துவிட்டு, அந்த மூன்று ஆண்டுக்கு மாற்றலைத் தவிர்க்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை. கேட்காமல் இருந்தால் கிடைக்காது.

இன்னும் இரண்டு வழிகளை வழக்கறிஞரிடம் கேளுங்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் தாமே விலக்குக்குப் பரிந்துரைக்க முடியும். அது மாநிலத்தின் 30 இடத்தில் சேராது. பல படைத்தளங்களுக்கு அருகில் அவை உள்ளன. தம்பி இந்தியா போனாலோ, மனைவி அவரைத் தொடர்ந்து போனாலோ குடிமகளான மனைவிக்கு அல்லது குழந்தைக்கு அசாதாரணமான துன்பம் நேரும் என்று காட்டிக் கேட்கும் விலக்கு மற்றொன்று. மனைவி படையில் இருப்பதால் அவர் இந்தியாவுக்குக் குடிபெயர முடியாது என்பது அந்த வாதத்துக்குப் பலம் சேர்க்கும். ஆயினும் அது மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. வழக்கறிஞர் குடிவரவுச் சட்டத்தில், அதிலும் மருத்துவர் விலக்குகளில், பழகியவராக இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் எழுதித் தந்தவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

ஒன்று கூடுதலாக: மனைவி பாதுகாப்பு அனுமதி பெற்றவராக இருந்தால், அயல்நாட்டுக் குடிமகனை மணப்பதைத் தம் பிரிவுக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டாரா என்று கேளுங்கள்.

கேள்வி: இருவரும் படை மருத்துவர்கள். முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. இருவரையும் ஒரே நேரத்தில் வெளிநாட்டுக் களப்பணிக்கு அனுப்பிவிடுவார்களா? அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.
– வாசகர், வர்ஜீனியா

பதில்: பெற்ற தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் 12 மாதம் களப்பணியிலிருந்து விலக்கு உண்டு, தந்தைக்கு இல்லை. குழந்தைக்காக இருவருக்கும் தலா 12 வாரம் விடுப்பு உண்டு. தாய்க்கு உடல் தேறுவதற்கான விடுப்பு அதற்கு முன்பே தனி. தந்தை தம் 12 வாரத்தைத் தாயின் விடுப்பு முடிந்த பிறகு தொடங்கும்படி வைத்துக்கொண்டால் குழந்தைக்கு முதல் ஆறு மாதத்தைக் கடத்திவிடலாம்.

இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பப்படக் கூடாது என்று உறுதியளிக்கும் விதி எதையும் நம்பியிருக்காதீர்கள். அதனால்தான் இருவரும் படையில் உள்ள பெற்றோர் ‘ஃபேமிலி கேர் பிளான்’ என்னும் எழுத்து வடிவத் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும்: இன்று இரவே அழைப்பு வந்தால் குழந்தையை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் யார், பல மாதம் என்றால் யார், பணம் எப்படி, மருத்துவச் சம்மதம் தரும் அதிகாரப் பத்திரம் யார் பெயரில். அம்மா அன்போடு வருவார். ஆனால் வருகையாளர் விசாவில் ஒரு முறைக்கு வழக்கமாக ஆறு மாதந்தான் தங்க முடியும். மீதி ஆறு மாதத்துக்கு அந்தத் திட்டத்தில் யார் பெயர் இருக்கிறது? அம்மாவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் உங்கள் பிரிவுத் தலைவர் தாளைத் திருப்பித் தருவார், தருவதும் நியாயம். படையில் இல்லாத, நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு குடும்பத்தோடு இப்போதே பழகத் தொடங்குங்கள்.

கேள்வி: திருமணத்துக்குப் பின் உதவித்தொகையைத் திருப்பிக் கட்டிவிட்டு விலக முடியுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: திருமணம் விடுவிப்புக்குக் காரணம் ஆகாது. பணத்தைக் கட்டிவிட்டு விலகுவது என்ற தெரிவும் மாணவரின் கையில் இல்லை. பணத்தைத் திரும்பப் பெறுவதா, பணியை வாங்குவதா என்பதைப் படை முடிவு செய்யும். 1950இல் மருத்துவர்களுக்கென்றே கட்டாயச் சேர்ப்புச் சட்டம் வந்தபோதும், சில ஆண்டுகளில் பெர்ரி திட்டம் என்ற பெயரில் அவர்களுக்குக் கிடைத்தது விலக்கு அன்று. பயிற்சிக்கு முன்பா, பின்பா என்று காலத்தைத் தெரிவு செய்யும் உரிமைதான். கட்டாயச் சேர்ப்பு 1973இல் முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாக 1972இல் சட்டமான உதவித்தொகைத் திட்டத்தில்தான் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இன்றைக்கும் பேசக்கூடியது ‘எப்போது’ என்பதை மட்டுமே.

கேள்வி: மனைவி படை மருத்துவர். நான் சிவிலியன் மகப்பேறு மருத்துவன். ஒவ்வொரு மாற்றலுக்கும் என் உரிமத்தை என்ன செய்வது?
– வாசகர், வட கரோலினா

பதில்: உங்கள் மனைவிக்கு ஏதாவது ஒரு மாநில உரிமம் இருந்தால் எந்தப் படை மருத்துவமனையிலும் பணியாற்றலாம். படைக்கு வெளியே பணியாற்றும்போது அந்த வசதி உங்களுக்கு இல்லை. 2023 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், படை உத்தரவால் இடம் மாறும் துணைவரின் தொழில் உரிமத்தைப் புதிய மாநிலம் ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் மாநிலங்களுக்கு இடையிலான உரிம உடன்படிக்கையில் இருப்பவர்களுக்கு அந்த உடன்படிக்கையின் விதியே பொருந்தும். மருத்துவர்களுக்கு அப்படி ஓர் உடன்படிக்கை 2017 முதல் இயங்குகிறது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் சேர்ந்துள்ளன. முதலில் அதன் வழியே பாருங்கள்.

உரிமம் வந்துவிட்டால் வேலை தொடங்கிவிடலாம் என்று எண்ணாதீர்கள். மருத்துவமனை உங்கள் தகுதிகளைச் சரிபார்த்து அனுமதி தருவதற்கு மாதங்கள் ஆகலாம். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. உத்தரவு கைக்கு வந்த வாரமே தொடங்கிவிடுங்கள். மனைவி பணிபுரியும் படை மருத்துவமனையிலேயே சிவிலியன் பணியிடம் இருந்தால் படையினரின் துணைவருக்கு முன்னுரிமை உண்டு. ஒருவர் மற்றவரின் மேலதிகாரியாக இருக்க முடியாது என்பதால் துறை அமைப்பை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மகப்பேறு மருத்துவருக்கு இடம் தேடுவது ஒப்பீட்டில் எளிது. பிரசவம் இல்லாத படைத்தளத்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: நானும் என் வருங்கால மனைவியும் மருத்துவக் கல்லூரியில் சேர இருக்கிறோம். இருவரும் உதவித்தொகையில் கையெழுத்திட எண்ணுகிறோம். இரண்டு பேருக்கும் கல்விக் கடனே இருக்காது அல்லவா?
– வாசகர், கலிபோர்னியா

பதில்: கடன் இருக்காது, கல்விக் கட்டணம் முழுவதும் கிடைக்கும், மாதந்தோறும் 2,000 டாலருக்கு மேல் செலவுத் தொகையும் வரும். அதற்காக இருவரும் இப்போதே கையெழுத்திட வேண்டும் என்பதில்லை.

என் கருத்து இது. ஒருவர் இப்போது கையெழுத்திடட்டும், மற்றவர் காத்திருக்கட்டும். ரெசிடென்சி காலத்தில் சேரும் எஃப்.ஏ.பி. என்ற நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அதில் உதவி பெற்ற ஆண்டுகளைவிட ஓர் ஆண்டு கூடுதலாகக் கடமை. பயிற்சி முழுவதையும் முடித்த பிறகு நேரடியாகச் சேரும் வழியும் இருக்கிறது. பின்னால் சேர்பவருக்குத் தம் துறை தெரியும், துணையின் பணியிடமும் தெரியும்; அப்போது அவர் பேசும் பேச்சுக்கு வலு இருக்கும். இருபத்திரண்டு வயதில் இருவருக்கும் எந்தத் துறை என்றே தெரியாது. படை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேரும் எண்ணம் இருந்தால் இன்னும் யோசியுங்கள். அங்கே மாணவராக இருக்கும்போதே சம்பளம் உண்டு, ஆனால் பயிற்சிக்குப் பின் ஏழு ஆண்டு.

இருவரும் இப்போதே என்று உறுதியாக இருந்தால், ஒரே படையில் சேருங்கள். எந்தப் படை என்று தேர்ந்தெடுக்கும் முன், உங்கள் இருவருக்கும் விருப்பமான இரண்டு மூன்று துறைகளில் அந்தப் படை எந்தெந்த ஊர்களில் ரெசிடென்சி நடத்துகிறது என்று சேர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக அவர் சொல்லும் எதுவும், ‘தம்பதியரை நாங்கள் பிரிப்பதே இல்லை’ என்பது உட்பட, ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பட்டியல் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதை வைத்தே பேசுவோம்.